மலைச் சரக்கு: ஆரோக்கியப்பச்சையும் அதன் வரவு செலவும்

குலசேகரம் பக்கத்திலிருந்து சில்லறை வியாபாரி ஒருவர் சுக்கும் கடுகும் கொள்முதல் செய்ய நம் கடைக்கு வந்திருந்தார். சிட்டை போட்டு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். "அண்ணாச்சி, இது ஆரோக்கியப்பச்சைப் பொடியாம். ஒரு ஆளு சாம்பிள் தந்துட்டுப் போயிருக்கான். கடையில போட்டா ஓடும்னு சொல்லுதான். வாங்கலாமா?" என்று கேட்டார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தோம். பச்சை நிறத்தில் பொடி இருந்தது. அதற்கு மேல் அந்தப் பொடியைப் பற்றி நம்மால் எதுவும் சொல்ல முடியவில்லை. அரைத்துப் பொடியாக்கிய எந்த இலையும் பச்சைப் பொடிதான்.

அவரை உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்து, இந்த மூலிகையைப் பற்றி நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். அதையே எழுதினால் மற்ற வியாபாரிகளுக்கும் உதவும் என்று நண்பர்கள் சொன்னதால் எழுதுகிறோம். நாம் வைத்தியர் அல்ல. பள்ளிக்கூடப் படிப்பும் மண்டிப் பழக்கமும் மட்டுமே நம் முதல். ஆகவே மருந்தின் குணத்தைக் காட்டிலும் சரக்கின் கணக்கைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறோம்.

செடியும் அதன் இனமும்

நம் மாவட்டத்தில் மருந்து மலை என்றால் எல்லோருக்கும் மருந்துவாழ் மலைதான் நினைவுக்கு வரும். அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஆரோக்கியப்பச்சை அங்கே கிடைக்கும் சரக்கல்ல. அது வடக்கே, மழையும் நிழலும் நிறைந்த அகத்தியமலைத் தொடரில் உள்ள செடி. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடமும் அதைச் சுற்றிய காடுகளும் திருவனந்தபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மாவட்டங்களின் பக்கமாகச் சரிந்து கிடக்கின்றன. பேச்சிப்பாறை அணைக்கு மேலே நின்று பார்த்தால் தெரியும் மலைகள் அந்தத் தொடரைச் சேர்ந்தவைதான்.

பெரிய மரங்களின் அடியில், ஈரமும் நிழலும் உள்ள இடங்களில் தரையோடு வளரும் சிறு செடி இது. மண்ணுக்குள் கிழங்கு போன்ற தண்டு உண்டு. மேலே மெல்லிய காம்பின் நுனியில் பெரும்பாலும் இதய வடிவில் இலை இருக்கும். எல்லா இலையும் ஒரே வடிவில் இருப்பதும் இல்லை. பூவும் காயும் இலைக்கு அடியில் தாழ்வாகத் தொங்குவதால், பழக்கமில்லாதவன் பக்கத்தில் நின்றாலும் கண்டுகொள்ள மாட்டான். தாவர நூலார் இதற்கு வைத்த பெயர் டிரைக்கோபஸ் சைலானிக்கஸ். இலங்கையிலும் இந்த இனம் உண்டு என்பது பெயரிலேயே தெரிகிறது. நம் பக்கத்து வகைக்குத் திருவிதாங்கூர் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். இன்னொரு வேடிக்கை: இதைக் காச்சில் கிழங்கின் குடும்பத்தில்தான் இப்போது வைத்திருக்கிறார்கள். திருவாதிரைக்கு நாம் அவித்துத் தின்னும் காச்சிலுக்கு இது தூரத்துச் சொந்தம்!

இந்தச் செடியின் உபயோகத்தை உலகத்துக்குக் காட்டியவர்கள் காணிக்காரர்கள். பேச்சிப்பாறைக்கு மேலேயும் கேரளத்தின் நெடுமங்காடு மலைப்பகுதிகளிலும் வாழும் அதே மக்கள்தான். ஊர்த் தலைவரை மூட்டுக்காணி என்பார்கள். மருந்தும் மந்திரமும் அறிந்தவரைப் பிலாத்தி என்பார்கள். நம் தகப்பனார் காலத்தில் அவர்கள் தேன், குந்திரிக்கம், மரமஞ்சள் ஆகியவற்றைக் கொண்டு வந்து, உப்பும் கருவாடும் புகையிலையும் துணியும் வாங்கிக்கொண்டு போவார்கள். நம் கடையின் பழைய பேரேட்டில் அவர்களுக்கென்று தனிப் பக்கமே இருந்தது.

1987-இல் நடந்தது

பழங்குடி மக்களின் தாவர அறிவைத் தொகுக்கும் அகில இந்திய ஆராய்ச்சித் திட்டம் ஒன்று 1980-களில் நடந்தது. அதன் சார்பில் டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு 1987-இல் திருவனந்தபுரம் மாவட்டத்து அகத்தியமலைக் காட்டுக்குள் சென்றது. வழிகாட்டிகளாகக் காணி இளைஞர்களை அழைத்துப் போனார்கள். ஏற்றத்தில் விஞ்ஞானிகள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். வழிகாட்டிகளோ ஏதோ சிறு காயை மென்றுகொண்டு களைப்பின்றி நடந்தார்கள். இவர்களும் அந்தக் காயை வாங்கித் தின்று பார்த்தபோது களைப்பு நீங்கியது போல் உணர்ந்தார்கள். அது என்ன காய் என்று கேட்டதற்கு வழிகாட்டிகள் உடனே சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாத விஷயம் என்றார்கள். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே செடியைக் காட்டினார்கள்.

பிறகு ஜம்முவில் உள்ள வட்டார ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளை வைத்துச் சோதித்தார்கள். களைப்பைத் தாங்கும் சக்தி தெரிந்தது. அப்புறம் வேலை பாலோடு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. 1979-இல் தொடங்கி, இன்று ஜவாஹர்லால் நேரு பெயரால் வழங்கும் வெப்பமண்டலத் தாவரப் பூங்கா நிலையம்தான் அது. அங்கே இந்த இலையோடு மூன்று சரக்குகளைச் சேர்த்து, ஆயுர்வேத முறைப்படி 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினார்கள். அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவையே அந்த மூன்றும். மூன்றும் நம் நாட்டு மருந்துக் கடைகளில் என்றும் உள்ளவை. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

காணிகள் தின்றது காய். மருந்தில் சேர்ந்தது இலை. சரக்கின் கண்ணோட்டத்தில் இது நல்ல செய்திதான். இலையைக் கிள்ளினால் செடி மறுபடி தழைக்கும். வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. பக்குவம் தெரிந்தவன் கிள்ளினால், அவ்வளவே.

ஒப்பந்தத்தின் கணக்கு

1995 நவம்பரில் இந்த மருந்தைத் தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்குக் கொடுக்கப்பட்டது. ஏழு ஆண்டு உரிமம். உரிமத் தொகை ரூ. 10 லட்சம். அதற்கு மேல், தொழிற்சாலை விற்பனை விலையில் நூற்றுக்கு 2 ராயல்டி. இந்த இரண்டிலும் சரிபாதி காணி மக்களுக்கு என்று ஆராய்ச்சி நிலையம் முடிவு செய்தது.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்றைக்கு அப்படியல்ல. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் உயிரினப் பன்மை உடன்படிக்கை கையெழுத்தானது. உள்ளூர் மக்களின் அறிவால் வரும் லாபத்தில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்று அது சொன்னது. நம் நாட்டில் அதற்கான சட்டம் 2002-இல்தான் வந்தது. சட்டம் வருவதற்கு ஏழு ஆண்டு முன்னரே ஒரு நிலையம் தானாக முன்வந்து பாதியைக் கொடுத்தது. உலகம் முழுவதும் இதை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள். 2002-இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஈக்வேட்டர் முயற்சிப் பரிசு டாக்டர் புஷ்பாங்கதனுக்குக் கிடைத்தது. நாமும் இதைப் பாராட்டுகிறோம். ஆனால் வியாபாரி என்பவன் பாராட்டிவிட்டுப் பேரேட்டையும் புரட்டிப் பார்ப்பவன்.

நூறு ரூபாய் விற்பனைக்கு ராயல்டி இரண்டு ரூபாய். அதில் பாதி, ஒரு ரூபாய், காணிகளுக்கு. உட்கார்ந்த இடத்தில் தரகு பேசிக் கொடுக்கிறவருக்கு நாம் கொடுப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பணம் போய்ச் சேர்ந்த வேகத்தையும் பாருங்கள். ஒப்பந்தம் 1995. பணத்தைப் பெற்றுக்கொள்ள ஓர் அமைப்பு வேண்டும் என்பதால் 'கேரளா காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட்' 1997 நவம்பரில் பதிவானது. தொகை அதன் கணக்கில் விழுந்தது 1999 பிப்ரவரியில். விழுந்தது ரூ. 5 லட்சத்து 19 ஆயிரத்துச் சொச்சம். உரிமத் தொகையின் பாதி ஐந்து லட்சத்தைக் கழித்தால், ராயல்டிப் பங்காக வந்தது 19 ஆயிரம்தான். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் திருப்பிப் போட்டால், அதுவரை கணக்கில் வந்த விற்பனை சுமார் 19 லட்சம். ஊர் உலகமெல்லாம் பேசிய மருந்துக்கு இந்த விற்பனை அதிகமா, குறைவா என்று வியாபாரிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

விற்பனை ஏன் அவ்வளவில் நின்றது என்று கேட்டால், நம் பார்வையில் முதல் காரணம் சரக்கு வரத்து. மருந்துக்கு இலை வேண்டும். இலை காட்டில் இருக்கிறது. காடு வனத்துறையின் கையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் விலை பேசினார்கள், பங்கு பேசினார்கள், ஆண்டு பேசினார்கள். இலையை யார், எந்த உரிமையில், எவ்வளவு கொண்டு வந்து போடுவது என்பதை மட்டும் உறுதியாகக் கட்டவில்லை. பழங்குடி மேம்பாட்டுத் திட்டத்தின் உதவியோடு 1994 முதல் 1996 வரை சுமார் 50 காணிக் குடும்பங்களை வைத்துப் பயிர் செய்து பார்த்தார்கள். ஆராய்ச்சி நிலையம் இலையை வாங்கிக்கொண்டது. பிறகு வனத்துறை தடுத்தது. பயிர் என்ற பெயரில் காட்டுச் செடியையே பிடுங்கி வந்துவிடுவார்கள் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சத்தை வீண் என்று சொல்லிவிட முடியாது. மருந்துக்கு மவுசு வந்ததும் வெளியாட்கள் காட்டுக்குள் நுழைந்து செடியை வேரோடு எடுத்தது உண்மை. ஆனால் நேர்மையாக இலை கிள்ளியவனும் அதே தடையில் அகப்பட்டான். சரி, காட்டுக்கு வெளியே தோட்டத்தில் வைக்கலாமே என்றால், இயற்கையான காட்டு நிழலில் வளர்ந்த இலையில் உள்ள சத்து வெளியே வளர்ந்ததில் இல்லை என்று கண்டார்கள்.

நம் தொழிலில் முன்பணம் கொடுத்து, லாரிக்குச் சொல்லி, வாங்குகிறவனிடம் தேதியும் சொல்லிவிட்டு, களத்தில் நெல் இருக்கிறதா என்று கடைசியில் விசாரித்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கே ஆனது.

பங்குதாரர் யார் என்பதிலும் சிக்கல் இருந்தது. குட்டிச்சல் பஞ்சாயத்துப் பகுதிக் காணிகள்தான் ஆரம்பத்திலிருந்து நிலையத்தோடு தொடர்பில் இருந்தார்கள். விதுரா, பெரிங்ஙமலைப் பகுதிக் காணிகள் தங்களைக் கேட்கவில்லை என்று வருத்தப்பட்டார்கள். விதுராப் பகுதிப் பிலாத்திகள் ஒன்பது பேர், தங்கள் அறிவைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்கக் கூடாது என்று 1995-இல் கேரள முதலமைச்சருக்குக் கடிதமே எழுதினார்கள். அவர்கள் முறைப்படி மருந்தறிவு பிலாத்தியின் பொறுப்பில் உள்ளது. வழிகாட்டப் போன இளைஞர்கள் காட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்ற மனத்தாங்கல் அவர்களுக்கு. கூட்டுச் சொத்தை ஒரு பங்காளி மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வரும் வழக்குப் போன்றது இது.

பெயரும் பறிபோனது. 'ஜீவனி' என்ற பெயரை வெளிநாடுகளில் பதிவு செய்து வைக்க இங்கே யாருக்கும் தோன்றவில்லை. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அந்தப் பெயரைத் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது. நம்மில் எத்தனை பேர் தகப்பனார் காலத்திலிருந்து விற்கும் சீயக்காய்த் தூளுக்கும் மசாலாப் பொடிக்கும் பெயரைப் பதிவு செய்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். நாமே நம் பொடிப் பெயரை 2009-இல்தான் பதிவு செய்தோம். அதுவும் மகன் நச்சரித்த பிறகு.

நம் கடையில் நடந்தது

இப்போது நம் சொந்தத் தவறைச் சொல்ல வேண்டும். 1999 கடைசி. பத்திரிகைகளில் ஆரோக்கியப்பச்சையைப் பற்றி வந்துகொண்டிருந்த சமயம். முன்பின் அறியாத ஒருவர் இரண்டு சாக்கு உலர்ந்த இலையோடு வந்தார். மொத்தம் 46 கிலோ. கிலோ 180 ரூபாய் என்றார். இதய வடிவ இலை, பத்திரிகையில் பார்த்த படம் போலவே இருந்தது. நமக்கோ ஆசை. பில் கிடையாது, பெர்மிட் கிடையாது, 'மலையிலிருந்து நேராக வருது' என்ற வாய்ச்சொல் மட்டும். எடை போட்டு ரொக்கமாகப் பணம் கொடுத்தோம். பத்து நாளில் 12 கிலோ விற்றும் விட்டோம்.

அந்த வாரம் பேச்சிப்பாறைக்கு மேலிருந்து வழக்கமாகத் தேன் கொண்டு வரும் காணிக்காரப் பெரியவர் வந்தார். நம் தகப்பனார் காலத்து ஆள். நாம் அவரைப் பாட்டா என்றே கூப்பிடுவோம். பெருமையாகச் சாக்கைத் திறந்து காட்டினோம். ஒரு இலையை எடுத்தார். கசக்கி மூக்கருகே வைத்தார். சிரிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை.

"முதலாளி, இது அந்த எல இல்ல. காட்டு மொளகுக் கொடிக்க எல. வேற ரெண்டு மூணு எலயும் கலந்து கெடக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லும் பாட்டா."

"பாக்க என்ன இருக்கு? மணத்திப் பாரும். மொளகு காருது. அது இப்படிச் சாக்குல கெட்டி எறக்குத சாதனமும் இல்ல."

கசக்கிப் பார்த்தோம். மிளகு வாசனைதான். முப்பது வருடமாக மிளகு மூடைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் குடும்பம், மிளகு இலையைக் கசக்கிப் பார்க்கத் தோன்றாமல் ஏமாந்திருக்கிறது. மீதி 34 கிலோவையும் தென்னைக்கு மூட்டில் போட்டுப் புதைத்தோம். வாங்கிப் போனவர்களில் நால்வர் தெரிந்தவர்கள். ஆள் அனுப்பிச் சரக்கைத் திருப்பி வாங்கிப் பணத்தைக் கொடுத்தோம். மற்றவர்கள் யார் என்று தெரியாது. அந்த இலையை யார் யார் என்னென்ன நோய்க்குக் காய்ச்சிக் குடித்தார்களோ என்ற நினைப்பு இன்றும் உறுத்துகிறது. நஷ்டம் எட்டாயிரத்துச் சொச்சம். அதைப் பேரேட்டில் கடைப் பெயரில் எழுதாமல் நம் சொந்தப் பற்றில் எழுதினோம்.

அன்றைக்குப் பெரியவர் தேனுக்குப் பணம் வாங்கிக்கொண்டு போகும்போது கேட்டோம், "பாட்டா, அந்தப் பக்கம் உள்ளவங்களுக்குப் பணம் வந்திருக்காமே, உங்களுக்கு ஏதாவது வந்துதா?" என்று.

"நாங்க இப்பறத்து ஆளுகள்லா? அப்பறத்துல எங்க பெண்ணுகளக் கெட்டிக் குடுத்திருக்கு. ஒரே சனம்தான். மலய முறிச்சது நாங்களா முதலாளி?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

1956 நவம்பர் முதல் தேதி, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தன. அந்த நாளை நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் காணிக்காரர்களுக்கு அது மலையின் நடுவே விழுந்த கோடு. கன்னியாகுமரி மாவட்டத்துக் காணிக்காரர்களும் அரசுப் பட்டியலில் பழங்குடிகளே. அதே வழக்கங்கள், அதே மலைத்தொடர். ஆனால் டிரஸ்டின் பெயரிலேயே கேரளம் என்று இருக்கிறது. அறிவுக்கு எல்லை இல்லை, பங்குக்கு மட்டும் செக்போஸ்ட். இதைக் கேரளத்தைக் குறை சொல்லி எழுதவில்லை. அங்கே ஒரு நிலையமாவது கணக்கு எழுதிப் பாதியைக் கொடுத்தது. இந்தப் பக்கத்து மலைச் சரக்கைப் பரம்பரையாக வாங்கி விற்ற நாம், தேனுக்கும் குந்திரிக்கத்துக்கும் கிலோ விலை கொடுத்தோம். எது எதற்கு ஆகும், எந்த மாதம் எடுக்க வேண்டும், எப்படிக் காய வைக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதை எல்லாம் இனாமாக வாங்கிக்கொண்டோம்.

கூட்டுச் சரக்குகள் மூன்று

கடைக்காரர்களுக்கு நேரடியாக உபயோகப்படும் பகுதிக்கு வருவோம். ஆரோக்கியப்பச்சை நம் கடைக்கு வராது; ஆனால் மற்ற மூன்றும் தினமும் விற்பவை, மூன்றிலும் ஏமாற இடம் உண்டு.

அமுக்கரா வடக்கேயிருந்து வருகிறது. ராஜஸ்தானத்து நாகௌர் பெயரால் நாகௌரி என்று ஒரு ரகம் உண்டு. மத்தியப் பிரதேசத்து நீமச், மந்தசௌர் சந்தைகளில் பெரிய வியாபாரம். நல்ல வேர் பருமனாக இருக்கும். ஒடித்தால் சட்டென்று ஒடியும், உள்ளே வெண்மையாக மாவு நிறைந்திருக்கும். நார் நாராக இழுபட்டால் தரம் குறைவு. மாவுள்ள சரக்கு என்பதால் வண்டு சீக்கிரம் விழும். மழைக்காலத்துக்கு முன் இருப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. பொடியாக வாங்குவதை நாம் விட்டுவிட்டோம். வேரோடு தண்டையும் சேர்த்து அரைத்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

திப்பிலியில் ஈரம்தான் திருட்டு. அரைகுறையாக உலர்ந்ததை எடைக்காகத் தள்ளிவிடுவார்கள். மூடையின் நடுவில் கைவிட்டுப் பார்த்தால் தெரியும். நாவில் வைத்தால் காரமும் மரமரப்பும் வர வேண்டும். யானைத் திப்பிலி என்பது திப்பிலியில் பெரிய ரகம் என்று பல கடைகளில் நினைக்கிறார்கள். அது வேறு செடி, வேறு சரக்கு. கண்டந்திப்பிலி என்பதோ திப்பிலிக் கொடியின் தண்டும் வேரும். சீட்டில் 'திப்பிலி' என்று மட்டும் எழுதியிருந்தால், எது வேண்டும் என்று கேட்டுக்கொண்டே கட்டுங்கள்.

விஷ்ணுகிராந்தியில்தான் பெரிய குழப்பம். தரையில் படரும், நீலப் பூப் பூக்கும் சிறு செடி. சமூலமாக, அதாவது வேர் முதல் பூ வரை, வரும். மண்ணும் புல்லும் கலந்தே வரும். சலித்து எடை போட்டால் உண்மை தெரியும். குழப்பம் பெயரில். வடநாட்டில் சங்கபுஷ்பி என்று கேட்டால் விஷ்ணுகிராந்தியையோ அதன் இனத்து வேறொரு செடியையோ கொடுப்பார்கள். கேரளத்தில் சங்குபுஷ்பம் என்றால் வேலியில் படரும் நம் காக்கணங்கொடி. பூ இரண்டும் நீலம், செடி இரண்டும் வேறு. நம் மாவட்டத்தில் இரண்டு வழக்கும் கலந்து கிடப்பதால், வைத்தியர் தமிழ் முறையா மலையாள முறையா என்று கேட்காமல் இந்தச் சரக்கைப் பொட்டலம் கட்டக் கூடாது. வடக்கே ஆர்டர் போடும்போது பெயரை மட்டும் எழுதாமல் காய்ந்த செடி ஒன்றைச் சாம்பிளாக அனுப்பிவிடுங்கள். நாம் அப்படித்தான் செய்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது

நம் மாவட்டத்துக் காட்டின் பெரும்பகுதி 2008-இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்திலிருந்து அனுமதியின்றி எதையும் எடுப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். ஆகவே 'மலையிலிருந்து நேராக' என்று சொல்லி யாராவது சாக்கு இறக்கினால், அந்தச் சொல்லே நம்மை எச்சரிக்க வேண்டும்.

அதே சமயம் காணிக்காரர்கள் கொண்டு வருவதெல்லாம் திருட்டு என்று நினைப்பதும் தவறு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தேன், மூலிகை, கிழங்கு, வேர் முதலிய சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் காடு வாழ் பழங்குடிகளுக்கு உரிமை தந்திருக்கிறது. கிராம சபை சார்ந்த குழு தரும் போக்குவரத்துச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டால் நமக்கும் பயமில்லை, அவர்களுக்கும் நல்ல விலை கேட்கத் தைரியம் வரும். இந்தச் சட்டம் 1995-இல் இருந்திருந்தால் ஆரோக்கியப்பச்சையின் இலை தடையின்றி இறங்கியிருக்கும் என்பது நம் எண்ணம்.

மூன்றாவது, 2002-ஆம் ஆண்டு உயிரினப் பன்மைச் சட்டம். உயிரின வளங்களை வணிகத்துக்காகப் பெறுகிறவர்கள் மாநில வாரியத்துக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது அதன் விதி. வளர்ப்பவர்களுக்கும் உள்ளூர் வைத்தியர்களுக்கும் விலக்கு உண்டு. வழக்கமாக விற்பனையாகும் பொருட்கள் என்று ஒரு பட்டியலுக்கும் விலக்கு உண்டு. 2014-இல் வந்த வழிகாட்டு முறையில் வியாபாரியின் கொள்முதல் விலையில் நூற்றுக்கு 1 முதல் 3 வரை பங்கு என்று வைத்தார்கள். 2023-இல் சட்டமே திருத்தப்பட்டு, அதன் பின் விதிகளும் மாறியுள்ளன. நம்மைப் போன்ற சிறு வியாபாரிக்கு எது பொருந்தும் என்பதை அவரவர் ஆடிட்டரிடம் இருப்புப் பட்டியலோடு போய்க் கேட்டுக்கொள்வது நல்லது. 'நாங்க சின்னக் கடைதானே' என்று இருந்துவிட வேண்டாம்.

பொட்டலத்தின் மேல் 'சர்க்கரை தீரும், ஆண்மை பெருகும்' என்றெல்லாம் அச்சடித்து வரும் சரக்கு எதையும் அலமாரியில் வைக்காதீர்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப்பட்ட விளம்பரமே குற்றம். அதை வெளியிடுவதில் பங்கு கொள்ளும் கடைக்காரரும் மாட்டிக்கொள்வார்.

குலசேகரத்துக்காரர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்போ கேட்டு வாறவங்கிட்ட என்ன சொல்ல அண்ணாச்சி?" என்றார். இல்லை என்று சொல்லுங்கள் என்றோம். உடம்பு அசதி என்று வருபவரை வைத்தியரிடம் அனுப்பி, அவர் எழுதித் தரும் அமுக்கராவையோ திப்பிலியையோ சுத்தமாகக் கொடுத்தால் அதிலேயே வியாபாரம் இருக்கிறது. பொட்டலத்தைக் கொடுத்த ஆள் மறுபடி வந்தால், மூன்று கேள்வி கேட்கச் சொன்னோம். பில் எங்கே, எந்த மலை, பறித்தவர் யார்? பதினைந்து நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. ஆள் வந்தானாம். முதல் கேள்விக்கே, பைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்துவிட்டானாம். சாம்பிளைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லையாம்.